பாட்டுக்காரர் போய்விட்டார், அவர் கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் பத்திரிகையின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அம்பாப்பாட்டுக் கலைஞர் ஒருவர் மறைந்தார் என்று ஆறு வரிச் செய்தி வந்திருந்தது. அந்த ஆறு வரியாவது போட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. வேறு எந்தப் பேப்பரிலும் அதுகூட வரவில்லை. செய்தியில் அவர் பெயரைச் சரியாகவே போட்டிருந்தீர்கள். ஆனால் எங்கள் கரையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாட்டுக்காரர் என்றால்தான் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

செய்தியில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். "பாரம்பரிய மீனவர் பாடல்களைப் பாடி வந்தவர்" என்று போட்டிருந்தீர்கள். பாடியவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பாடியதில் பாதிக்கு மேல் அவரே கட்டியது. கட்டியது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் எதையும் எழுதி வைத்தவர் இல்லை, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். காதால் கேட்டு, வாயால் கட்டி, பத்து நாள் கடற்கரையில் பாடிப் பார்த்து, வலை இழுவைக்கு ஒத்து வராத வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வார். ஊரில் பலருக்கே இது தெரியாது, அப்புறம் உங்கள் நிருபருக்கு எப்படித் தெரியும்?

நான் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் நாற்பது வருடம் மைக்செட் வைத்துப் பிழைத்தவன். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் கோயில் கொடை, சர்ச் திருவிழா, கந்தூரி, கல்யாணம், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறேன். பாட்டுக்காரர் வாய்க்கு முன்னால் மைக்கை வைத்து உயரம் சரிபார்த்த கை இது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரையை விட்டுத் தள்ளி இருக்கிற வாசகர்களுக்கு அம்பா என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கரைவலை என்று ஒன்று உண்டு. வலையின் ஒரு பக்கத்துக் கயிறைக் கரையிலேயே ஆட்களிடம் கொடுத்துவிட்டு, வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய் அரைவட்டமாக இறக்கி, மறுபக்கத்துக் கயிறைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். நான் சின்ன வயதில் பார்த்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது பேர் வரை நிற்பார்கள். இரண்டு கயிறும் சமமாக வர வேண்டும், ஒன்று முந்தினால் வலை கோணிக்கொள்ளும், நடுவில் மீன் சேருகிற பையான மடி திரும்பிக்கொள்ளும், மீன் போய்விடும். இப்படி நாற்பது பேர் கையை ஒரு கையாக ஆக்குவதற்குத்தான் பாட்டு. ஒருவர் வரியைச் சொல்வார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கும்போது கயிறு ஒரு பிடி வரும். வரி நீண்டால் இழுவை நீளும், வரி குறுகினால் இழுவை வேகமாகும். இதுதான் அம்பா. மேடையில் வேட்டி கட்டிக்கொண்டு வந்து கைதட்டுவதற்காகப் பாடுகிற பாட்டு இல்லை.

பாட்டுக்காரருடைய திறமை எங்கே இருந்தது என்றால், அவர் பாடும்போது கண் எப்போதும் எதிர்ப்பக்கத்துக் கயிற்றின் மேலேயே இருக்கும். அந்தப் பக்கம் முந்துகிறது என்று தெரிந்தால் அதே வரியில் ஒரு எழுத்தை இழுத்து நீட்டுவார், அவ்வளவுதான், அந்தப் பக்கத்துக் கைகள் தானாக மெதுவாகும். யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. மடி கரைக்கு நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் நோக்கி நகர்ந்து வரும், அப்போது பாட்டு ரெண்டு சொல் மூன்று சொல்லாகச் சுருங்கிச் சும்மா பறக்கும், கேட்கிற எனக்கே மூச்சு வாங்கும். கடைசியில் மடி மணலைத் தொட்டதும் ஒரு நொடி எல்லாம் நின்று போய் மீன் துள்ளுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த அமைதியும் அவர் பாட்டில் சேர்ந்ததுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஒரு விழாவில் அவரை மேடையில் ஏற்றினார்கள். நான்தான் மைக்செட். நாலு நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். கயிறு இல்லை, ஆள் இல்லை, வாங்கிப் பாட யாரும் இல்லை. அவர் ஒரு வரி சொல்லிவிட்டு, வாங்குவதற்கு ஆள் விடுகிற இடைவெளியை விட்டுவிட்டு நின்றார். கூட்டம் அதை மறதி என்று நினைத்துக்கொண்டது. எனக்குத் தாங்கவில்லை, மைக்செட் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து நானே 'ஏலேலோ' என்று குரல் கொடுத்தேன், அப்புறம் பின்னால் நின்ற மண்டபம் ஊர் ஆட்கள் சிலரும் கொடுத்தார்கள். அன்றைக்கு அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அவர் கட்டிய பாட்டுகளில் பெரியது தனுஷ்கோடிப் பாட்டு. 1964 டிசம்பர் 22 ராத்திரி அந்தப் புயல் அடித்தபோது அவருக்குப் பதினாலு வயது, தனுஷ்கோடியிலேயே இருந்த குடும்பம். பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் நம்பர் ரயில் வண்டியைக் கடல் கொண்டுபோனதும், அதில் இருந்த நூறு பேருக்கு மேல் ஒருவரும் மிஞ்சாததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு ஊர் வசிக்கத் தகுதியில்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது, இவர் குடும்பமும் பாம்பன் பக்கம் வந்துவிட்டது. பாட்டை அவர் கட்டியது ரொம்ப வருடம் கழித்து. இழுவை நேரத்தில் அதைப் பாடவே மாட்டார், வலை ஏறி மீன் பங்கு பிரித்த பிறகு, அதுவும் யாராவது கேட்டால்தான். எனக்கு மனப்பாடமாக நிற்பது இரண்டே வரி:

கைகாட்டி மரமும் கண்ணுக்குத் தெரியலியே – ஏலேலோ
காத்து நின்ன சனத்துக்கு வண்டி வந்து சேரலியே – ஏலேலோ

முழுதாகப் பாடினால் இருபது நிமிடத்துக்கு மேல் போகும். என்னிடம் இருக்கிற கேசட்டில் ஒன்பது நிமிடம் இருக்கிறது. மிச்சம் ஏன் இல்லை என்பதைக் கீழே சொல்கிறேன், அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதமே.

அவருடைய முப்பதாம் நாள் அன்று பாம்பன் கரையில் கூடினோம். யாரும் அழைப்பு அடிக்கவில்லை, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் சொல்லி வந்ததுதான். மோர்ப்பண்ணையிலிருந்து வந்தார்கள், காரங்காட்டிலிருந்து வந்தார்கள், வேதாளையிலிருந்து ஒரு பாயம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். தங்கச்சிமடத்துப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். பஹ்ரைனிலும் ஓமனிலும் மீன்பிடிக்கிற எங்கள் பிள்ளைகள் குரல் பதிவு அனுப்பியிருந்தார்கள். பேச்சு, மாலை, தீர்மானம் எதுவும் கிடையாது. போனில் வைத்திருந்ததை ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டினார்கள். ஒருவரிடம் நாற்பது நொடி. ஒருவரிடம் ஒன்றரை நிமிடம், அதில் பாதி காற்றுச் சத்தம். இன்னொருவர் கல்யாண வீடியோவில் பின்னால் எங்கேயோ அவர் குரல் கேட்கிறது என்று அதைப் போட்டார், உண்மையிலேயே கேட்டது.

அப்புறம் பாட ஆரம்பித்தோம். இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவர் கட்டிய மீன் பாட்டு ஒன்று உண்டு, வரிக்கு ஒரு மீன் பெயர் வரும். மோர்ப்பண்ணைக்காரர்கள் பாடியபோது அதில் காரலும் நகரையும் ஓராவும் வந்தன. வேதாளைக்காரர்கள் பாடியபோது சாளை, சூடை, பாறை, சீலா. அது இல்லை இதுதான் சரி என்று சண்டையே வந்துவிட்டது! கடைசியில் பார்த்தால் இரண்டும் சரி. வடகடல் பக்கம் போனால் பாக் நீரிணையில் கிடைக்கிற மீனையும், தென்கடல் பக்கம் வந்தால் மன்னார் வளைகுடாவில் கிடைக்கிற மீனையும் போட்டுப் பாடியிருக்கிறார் மனிதர். நடுவில் வருகிற காற்றையும் மாற்றியிருக்கிறார், ஒரு பக்கம் வாடை, ஒரு பக்கம் கச்சான். ஒரே பாட்டை ஊருக்கு ஊர் அவர்கள் கடலுக்குத் தக்கபடி தைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு இத்தனை வருடம் அவருடன் பழகியும் இது தெரியாது, ஏனென்றால் நான் கேட்டது எல்லாம் ஒரே பக்கத்துக் கரையில்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒரு பெரியவர் இலங்கை வானொலி பற்றிச் சொன்னார். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் கொழும்புதான் துல்லியமாகக் கேட்கும். பாட்டுக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே டிரான்சிஸ்டரில் பைலா என்கிற இலங்கைத் துள்ளல் பாட்டுக் கேட்பார், அந்தத் துள்ளல் அவர் கட்டிய சில பாட்டுகளில் அப்படியே இருக்கும். 2018 ஜனவரியில் பைலாப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் இறந்த செய்தி வந்த அன்று சாயங்காலம் கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து மனோகரன் பாட்டையே பாடிக்கொண்டிருந்தாராம். நேரில் பார்க்காத ஒரு பாட்டுக்காரருக்காக இவர் அன்று செய்ததைத்தான் நாங்கள் இவருக்குச் செய்துகொண்டிருந்தோம்.

சரி, கேசட் விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் நான் அவரை நிறையப் பதிவு செய்தேன். ஆராய்ச்சிக்காக இல்லை, பிடித்திருந்தது, செய்தேன். பெரும்பாலும் தொண்ணூறு நிமிடக் கேசட், பக்கத்துக்கு நாற்பத்தைந்து. இருபதுக்கு மேல் இருந்தது. அதில் மூன்றை, நிகழ்ச்சி செய்யப் போகிறோம், ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறோம் என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். நிகழ்ச்சியும் வரவில்லை, கேசட்டும் வரவில்லை. அதைவிடப் பெரிய தப்பு நான் செய்தது. தனுஷ்கோடிப் பாட்டு முழுதாக இருந்த கேசட்டில், ஒரு கல்யாண வீட்டுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்க வேறு கேசட் கைவசம் இல்லாமல், மேலேயே சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டேன். அவர்தான் உயிரோடு இருக்கிறாரே, அடுத்த வாரம் இன்னொரு தடவை பாடச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்பது இருபது வருடம் ஆகிவிட்டது. பின்பக்கத்தில் அழியாமல் மிஞ்சியதுதான் அந்த ஒன்பது நிமிடம். அவரிடம் இதை ஒருநாள் சொன்னேன். பரவாயில்லப்பா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா 2020 மார்ச்சில் போனார். அவர் குரலுக்குச் சினிமா இருக்கிறது, 'தூள்' படம் ஓடுகிற வரைக்கும் யாரும் அவரை மறக்க மாட்டார்கள். எங்கள் பாட்டுக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்கு இருப்பது உங்கள் வீட்டுப் பரணும் என் வீட்டு அலமாரியும்தான். அதனால்தான் இதைப் படிக்கிற கடற்கரை ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்.பி. பட்டினம், தொண்டி, நம்புதாளை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் பழைய கேசட் உள்ள வீடுகள் கண்டிப்பாக இருக்கும். மேலே என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம், பக்திப் பாடல் என்று எழுதிய கேசட்டின் கடைசியில் அவர் குரலை நானே கண்டுபிடித்திருக்கிறேன்.

கிடைத்தால் உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. நம் பக்கத்து உப்புக்காற்றில் கேசட் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும், கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரியும். அப்படியே ஓட்டினால் நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும், நாடாவைப் படிக்கிற ஹெட்டிலும் பூஞ்சை ஏறி அடுத்துப் போடுகிற கேசட்டையும் கெடுக்கும். முதலில் பேனாவை ஓட்டையில் விட்டு மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றி, நாடா தளர்வாக வருகிறதா என்று பாருங்கள். நாடாவை ஹெட்டில் அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்து போயிருந்தால் சத்தம் மங்கலாகத்தான் வரும், அதைக் கேட்டுவிட்டுப் பாட்டு அழிந்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள், நாடாவை எடுத்து ஸ்குரூ வைத்த வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றினால் பாட்டு திரும்ப வரும். ஸ்பீக்கர் மேலே வைத்திருந்தால் முதலில் அங்கிருந்து எடுங்கள், அதன் காந்தம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் தின்றுவிடும். அப்புறம் ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்துப் பதிவு செய்யாதீர்கள். டேப்பிலிருந்து கம்பி போட்டு நேராகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும், அதையும் அழுத்திச் சுருக்காமல் முழுதாக வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும், காசு எதுவும் வேண்டாம், செய்து தருகிறேன். கேசட்டை நீங்களே கையோடு கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்து, கையோடு எடுத்துப் போகலாம். மூன்று கேசட்டைக் கொடுத்து ஏமாந்தவன் நான், உங்கள் பயம் எனக்குப் புரியும்.

ஆசிரியர் ஐயாவிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மூலையில், அவருடைய ஒரு பாட்டைப் போடுங்கள். வரியை மட்டும் போட்டால் போதாது. இது தண்டு (துடுப்பு) வலிக்கும்போது பாடியது, இது கயிறு இழுக்கும்போது, இது வள்ளத்தைக் கரையில் ஏற்றும்போது என்று சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் எதுகை மோனைதான். எஞ்சின் வந்ததும் தண்டு வலிப்பது நின்றது, தண்டு நின்றதும் அந்தப் பாட்டை எந்த வேகத்தில் பாடுவது என்று தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். கரைவலை தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் இழுக்கிறார்கள், அதனால் இழுவைப் பாட்டைக் கையோடு பார்த்துக் கற்றுக்கொள்ள இன்னும் வழி இருக்கிறது. அப்புறம், பாட்டுக்குக் கீழே கட்டியவர் பெயரைப் போடுங்கள். தொண்டிப் பக்கம் ஒரு பள்ளி விழாவில் பிள்ளைகள் அவர் பாட்டைப் பாடினார்கள், முன்னோர் பாடிய பாட்டு என்று அறிவித்தார்கள். கேட்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. முன்னோர் ஆகிவிட்டாரே என்று ஒரு பக்கம். முன்தினம்தான் என்னோடு டீ குடித்த மனிதர் என்று ஒரு பக்கம். அவரிடம் சொன்னபோது, கட்டினவன் யாருன்னு கேட்டுக்கிட்டா கயிறு இழுப்பாங்க என்றுதான் கேட்டார். அது அவர் மனசு. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இன்னொன்றும் எழுத வேண்டும், விட்டுவிட்டேன். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தபோது எல்லாரும் அதற்கு ஒரு பாட்டுக் கட்டச் சொன்னார்கள். அவர் கட்டியது 1914-இலிருந்து நின்ற பழைய பாலத்துக்கு. பழைய தூக்குப்பாலத்தைக் கப்பல் வரும்போது ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள், அதுவும் ஒரு இழுவைதானே என்று அவர்களுக்காக ஒரு அம்பா. கடைசியாகக் கட்டியது அதுதான் என்று நினைக்கிறேன். அதை முழுதாகப் பாட ஒரு ஆள் கிடைத்திருக்கிறார், பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுக்கிற ஒரு அக்கா. முப்பதாம் நாள் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, யாரும் கேட்காததால் பாடாமல் எழுந்து போனவர். பாசிக்குப் போகிற பெண்களுக்கென்று அவர் கட்டிக் கொடுத்த பாட்டுகளும் அந்த அக்காவுக்குத் தெரியுமாம், வத்தை என்கிற சின்னப் படகில் தீவுக்குப் போகிற வழியில் பாடுவார்களாம். தனுஷ்கோடிப் பாட்டிலும் வண்டி முழுகினதற்கு அப்புறம் வருகிற பகுதி ஞாபகம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பாசிக்குப் போகவில்லை, வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். புது பேட்டரி வாங்கி வைத்துவிட்டேன், வாங்கிப் பாட மண்டபத்திலிருந்து நாலு பேரையும் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
மைக்செட் கடைக்காரர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.